தன் ஆலயத்தைத் தானே ஏலத்தில் எடுத்தவர்

1815-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு தேவாலயம் ஏலத்துக்கு வந்தது. அந்த ஆலயத்தின் முதல் கட்டடம் ஒரு பழைய கொல்லன் பட்டறை. அதை விலைக்கு வாங்கி, தன் வண்டியில் தன் குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து, தன் பணத்தில் வாங்கிய மனையில் நிறுத்தி, தச்சர்களை வைத்துச் செப்பனிட்டவர் ஒரு கறுப்பினத்தவர். 21 ஆண்டுகளாக அங்கே ஜெபம் நடத்தியவரும் அவரே. ஏலம் நடந்த அன்று அவரும் போய் நின்றார். விலை ஏற ஏறக் கேட்டார். கடைசியில் 10,125 டாலருக்குத் தன்னுடைய ஆலயத்தைத் தானே எடுத்தார். அன்றைய கூலிக்காரர் ஒருவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது.

அவர் பெயர் ரிச்சர்ட் ஆலன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் முதல் தனித் திருச்சபையை நிறுவியவர், அதன் முதல் பேராயர். நம்மவர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும், மால்கம் எக்ஸைத் தெரியும். அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, கறுப்பின மக்கள் கூடிப் பேச ஒரு கூரை, சேர்த்து வைக்க ஒரு பெட்டி, செத்தால் புதைக்க ஒரு துண்டு நிலம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தந்த மனிதரை அதிகம் பேர் அறியவில்லை. ஊர்வலத்துக்கும் உரைக்கும் கிடைக்கிற புகழ் சந்தா நோட்டுக்குக் கிடைப்பதில்லை.

ஆலன் 1760 பிப்ரவரி 14 அன்று அடிமையாகப் பிறந்தார். அவரது ஆண்டை பெஞ்சமின் சூ, பிலடெல்பியாவின் பெரிய வழக்கறிஞர். பின்னாளில் பென்சில்வேனியாவின் தலைமை நீதிபதி. ரிச்சர்டுக்கு ஏழெட்டு வயதாகும்போது அந்த நீதிமான் அவரையும் அவர் குடும்பத்தையும் டெலவேர் மாநிலத்தில் டோவர் ஊருக்கு அருகிலிருந்த ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்ற விவசாயிக்கு விற்றுவிட்டார். இந்த இரண்டாவது ஆண்டை அடிக்காதவர், வயிறாரச் சோறு போட்டவர். ஆலனே பின்னாளில் அவரை இரக்கமுள்ளவர் என்றுதான் எழுதினார். ஆனால் அந்த இரக்கத்துக்குக் கடன் வந்தது. கடன் முற்றியபோது ரிச்சர்டின் தாயையும், உடன்பிறந்தவர்களில் மூவரையும் அவர் விற்றுவிட்டார். நல்ல ஆண்டை, கெட்ட ஆண்டை என்ற பேச்சுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தாயைப் பறிகொடுத்த காலத்தில்தான், 17 வயதில், ரிச்சர்ட் மெதடிஸ்ட் ஊழியர்களின் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். அக்காலத்து மெதடிஸ்டுகள் வயல்வெளியிலும் களத்துமேட்டிலும் பிரசங்கம் செய்தவர்கள். அடிமை முறை பாவம் என்று சொன்னவர்கள். அடிமைகளுக்கு மதம் தலைக்கேறினால் வேலை கெட்டுப்போகும் என்று அக்கம்பக்கத்து ஆண்டைகள் பழித்தார்கள். அந்தப் பேச்சைப் பொய்யாக்க ரிச்சர்டும் அவர் அண்ணனும் முன்னைவிடக் கூடுதலாக உழைத்தார்கள். பயிர் வேலை பின்தங்கியிருந்தால் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் வயலில் நின்றார்கள். பிறகு ஆண்டையின் அனுமதியோடு அவர் வீட்டுக்கே ஊழியர்களை அழைத்துவந்தார்கள். ஃப்ரீபார்ன் கேரட்சன் என்ற ஊழியரின் பிரசங்கத்தைக் கேட்ட ஸ்டர்ஜிஸ், அடிமை வைத்திருப்பது தவறு என்று மனம் திருந்தினார்.

திருந்தியவர் அடிமைகளைச் சும்மா விட்டுவிடவில்லை. விலை சொன்னார். ஆளுக்கு 60 பவுண்டு பொன்னாகவோ வெள்ளியாகவோ, அல்லது 2,000 டாலர் காகிதப் பணமாகவோ கொடுத்து விடுதலையை வாங்கிக்கொள்ளலாம். 1780-இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ரிச்சர்ட் விறகு வெட்டினார். முதல் நாள் வேலையிலேயே கைகள் கொப்பளித்து, மூடவும் திறக்கவும் முடியாமல் போயின. செங்கல் சூளையில் வேலை செய்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போருக்கு உப்பு ஏற்றும் வண்டியை ஓட்டினார். வண்டி நிற்கும் இடங்களில் பிரசங்கமும் செய்தார். 1783-க்குள் முழுத் தொகையையும் கட்டித் தீர்த்தார். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆலன் என்ற பெயரை விடுதலையான பிறகு அவரே தேர்ந்துகொண்டார்.

அடுத்த சில ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார். 1785-இல் மெதடிஸ்ட் பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி அவரைத் தன்னோடு தென்மாநிலங்களுக்கு வரச் சொன்னார். சில நிபந்தனைகள் இருந்தன. அங்கே அடிமைகளோடு கலந்து பேசக் கூடாது. பல இரவுகள் வண்டியிலேயே படுக்க வேண்டியிருக்கும். சாப்பாடும் துணியும் கிடைக்கும், சம்பளம் கிடையாது. எனக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஆலன் கேட்டார். தனக்கும் அவ்வளவுதான் கிடைக்கிறது என்றார் பேராயர். நீங்கள் எங்கே போனாலும் உங்களைத் தாங்கிக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள், எனக்கு இருக்க மாட்டார்கள் என்று பதில் சொல்லி, அழைப்பை மறுத்துவிட்டார். 25 வயதுக்காரரின் பதில் இது. நோயும் முதுமையும் வரும், அப்போது தாங்கிக்கொள்ள நமக்கென்று ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற கவலையைத்தான் அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

1786 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு அவரைப் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் விடியற்காலை ஐந்து மணி. வெள்ளையர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட வேண்டிய ஆராதனை. ஆலன் அதோடு நிற்கவில்லை. ஒரே நாளில் நான்கைந்து இடங்களில் பேசினார், தெருக்களிலும் பொதுவெளியிலும் நின்று பேசினார். 42 பேர் கொண்ட ஒரு சபை சேர்ந்தது. நமக்கென்று தனியாக ஓர் ஆலயம் வேண்டும் என்று அவர் சொன்னபோது மூன்று பேர்தான் ஒத்துக்கொண்டார்கள். நகரத்தில் கொஞ்சம் வசதியோடு இருந்த கறுப்பினத்தவரே எதிர்த்தார்கள். வெள்ளை மூப்பர்களோ அவமதித்துப் பேசினார்கள்.

ஒத்துக்கொண்ட மூவரில் முக்கியமானவர் அப்சலோம் ஜோன்ஸ். ஆலனைவிட 14 வயது மூத்தவர், அவரும் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். ஜோன்ஸ் சம்பாதித்த பணத்தில் முதலில் மனைவியின் விடுதலையை வாங்கினார். தன்னுடையதை அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். காரணம் இருந்தது. தாய் அடிமையாக இருந்தால் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம்.

இந்த இருவரும் 1787 ஏப்ரல் 12 அன்று சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதுவதற்காக அதே நகரத்தில் தலைவர்கள் கூடியது அதற்கு அடுத்த மாதம். அவர்கள் எழுதிய சட்டம் அடிமைகள் ஐவரை மூன்று பேராகக் கணக்கிட்டது. ஆலனும் ஜோன்ஸும் எழுதிய விதிகளோ மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா என்று தொடங்கின. ஓராண்டு சந்தா கட்டியவர் நொடித்துப்போனால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி. உறுப்பினர் இறந்தால் அவர் விதவைக்கு உதவித்தொகை. தகப்பனில்லாத பிள்ளைக்கு இலவசப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் படிப்புச் செலவு சங்கத்துடையது. வளர்ந்தபின் ஒரு தொழில் பழக ஏற்பாடு செய்வதும் சங்கத்தின் பொறுப்பு. குடிப்பவருக்கு இடமில்லை. தன் ஒழுக்கக்கேட்டால் நொடித்தவருக்கு உதவி இல்லை.

இந்தக் கடைசி விதிகள் எனக்கு நெருடுகின்றன. உறுப்பினர்களின் வீட்டு வாழ்க்கை வரைக்கும் சங்கம் எட்டிப் பார்த்தது. ஒழுங்காக நடந்து காட்டினால் வெள்ளையர் மனம் இளகும் என்ற நம்பிக்கை, வயலில் கூடுதலாக உழைத்துக் காட்டிய காலத்திலிருந்தே ஆலனிடம் இருந்தது. அந்த நம்பிக்கை எப்படி முறிந்தது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். ஆனாலும் சங்கத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1790-இல் அவர்கள் நகரத்திடம் ஒரு மனு கொடுத்தார்கள். அநாதைப் பிணங்களைப் புதைக்கும் பொது மயானத்தில்தான் கறுப்பினத்தவரையும் புதைத்து வந்தார்கள். அதில் ஒரு பகுதியை எங்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்பது அந்த மனு. உயிரோடு இருப்பவனுக்குச் சந்தா, செத்தவனுக்குக் குழி என்று இரண்டையும் ஒரே சங்கம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சங்கம் குவேக்கர்களின் பள்ளிக்கூடத்தில் கூடியது. அவர்கள் பழக்கப்படி கூட்டத் தொடக்கத்தில் கால்மணி நேரம் மௌனம் காப்பது என்று முடிவானது. வாய்விட்டுப் பாடிக் கண்ணீர்விட்டு ஜெபிக்கும் மெதடிஸ்டான ஆலனுக்கு அது ஒத்துவரவில்லை. 1789-இல் அவரைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். தொடங்கியவரையே நீக்கிய சங்கம்! இருந்தும் ஜோன்ஸோடு அவருக்கிருந்த நட்பு சாகும்வரை முறியவில்லை. இயக்கங்களில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அடுத்து நடந்ததுதான் ஆலன் வாழ்வில் எல்லோரும் சொல்லும் சம்பவம். புனித ஜார்ஜ் ஆலயத்தில் கூட்டம் பெருகியதால் மேல்மாடம் கட்டினார்கள். கறுப்பின விசுவாசிகளும் அதற்குப் பணம் கொடுத்தார்கள், உழைப்பும் கொடுத்தார்கள். வேலை முடிந்தபின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் நின்றவர் அவர்களை மேலே போகச் சொன்னார். முன்பு கீழே தாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே போய் உட்காரலாம் என்று நினைத்து அவர்கள் ஏறினார்கள். அதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது; முழங்காலிட்டார்கள். சலசலப்புக் கேட்டு ஆலன் தலை நிமிர்ந்தபோது, ஆலய நிர்வாகி ஒருவர் அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்து முழங்காலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். அங்கேயும் இடம் பிரித்திருந்தார்கள். அவர்கள் மண்டியிட்டது அவர்களுக்கான வரிசை அல்ல. ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். நிர்வாகி விடவில்லை, இன்னொருவரையும் துணைக்குக் கூப்பிட்டார். ஜெபம் முடிந்தது. கறுப்பினத்தவர் அனைவரும் ஒரே கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். அதன்பின் அந்த ஆலயத்துக்குள் அவர்கள் போகவில்லை.

இது 1787-இல் நடந்தது என்று பழைய நூல்கள் சொல்லும். அந்த மேல்மாடம் 1792-இல்தான் கட்டப்பட்டது என்பதால் பிந்தைய ஆய்வாளர்கள் அந்தக் காலத்தையே ஏற்கிறார்கள். ஐந்தாண்டு வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. 1787 என்றால், அவமானப்பட்டு வெளியேறிய கோபத்தில் சங்கம் கட்டினார்கள் என்று ஆகும். 1792 என்றால் கதையே வேறு. சங்கம் தொடங்கி ஐந்தாண்டு ஆகியிருந்தது. தனி ஆலயத்துக்கு நன்கொடை திரட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆறாவது தெருவில் 1791-இலேயே ஒரு மனைக்கு ஒப்பந்தமும் போட்டாயிற்று. போவதற்கு ஓரிடத்தை உண்டாக்கி வைத்துக்கொண்டுதான் அவர்கள் எழுந்து நடந்தார்கள்.

ஆலயம் எழும்புவதற்குள் மஞ்சள் காய்ச்சல் வந்தது. 1793 ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை பிலடெல்பியாவைச் சூறையாடியது. அப்போது அமெரிக்காவின் தலைநகரம் அதுதான். ஏறத்தாழ 50,000 மக்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் உட்பட வசதி இருந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். கணவன் மனைவியை விட்டு ஓடினான், பெற்றவர்கள் பிள்ளைகளை விட்டு ஓடினார்கள். கொசுவால் பரவும் நோய் அது என்று அன்று யாருக்கும் தெரியாது. கறுப்பினத்தவருக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பினார். ஊருக்கு உதவ வாருங்கள் என்று ஆலனையும் ஜோன்ஸையும் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் போனார்கள். முதலில் இருவரும் வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். தாய் தகப்பன் பிணமாகக் கிடக்க நடுவில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்த வீடுகள். செவிலியராகப் போக ஆட்களைத் திரட்டினார்கள்; பிணம் தூக்க, பெட்டி செய்ய, வண்டி ஓட்ட, குழி வெட்ட ஆட்களை அமர்த்தினார்கள். ரஷ் சொல்லித் தந்தபடி 800-க்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தம் வடிக்கும் சிகிச்சையும் செய்தார்கள். அந்த வைத்தியம் பலனற்றது என்பது பின்னால் தெரிந்த உண்மை. வராது என்று சொன்ன காய்ச்சல் கறுப்பினத்தவருக்கும் வந்தது. முந்தைய ஆண்டு நகரத்தில் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 67 பேர். அந்த ஆண்டில் 305 பேர்.

காய்ச்சல் தணிந்த கையோடு மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். கறுப்பினச் செவிலியரில் இழிந்தவர்கள் கொள்ளைக் கூலி வாங்கினார்கள், நோயாளிகளின் வீட்டில் திருடினார்கள் என்று அதில் இருந்தது. ஆலனையும் ஜோன்ஸையும் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு மற்றவர்களை ஏசியது அந்நூல். பலமுறை அச்சாகி ஊரெங்கும் பரவியது. தங்கள் இருவருக்கும் கிடைத்த பாராட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1794 ஜனவரியில் சொந்தமாக ஒரு நூல் அச்சிட்டார்கள். அதன் நடுவில் இருப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. பிணங்களையும் நோயாளிகளின் படுக்கைகளையும் புதைத்ததற்கு வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். பெட்டிக்கும் ஐந்து ஆட்களின் கூலிக்கும் செலவு 411 பவுண்டு. கையிலிருந்து போட்டது 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். ஒரு பென்ஸ்கூடப் பிசகாத கணக்கு. கூலியே வாங்காமல் நோயாளிகளைப் பார்த்தவர்களையும், அப்படிப் பார்த்துச் செத்தவர்களையும் எடுத்து எழுதினார்கள். திருடிய, ஏய்த்த வெள்ளையர்களைப் பற்றியும் எழுதினார்கள். குற்றம் சாட்டிய கேரி காய்ச்சலுக்கு நடுவே ஊரைவிட்டுப் போனவர் என்பதையும் குறிப்பிட்டார்கள். நடந்து காட்டினால் மனம் மாறுவார்கள் என்று நம்பிய மனிதர், உயிரைக் கொடுத்து நடந்து காட்டிய பிறகு எழுதிய பதில் இது. கெஞ்சல் அதில் இல்லை.

அதே 1794-இல் இரண்டு ஆலயங்கள் திறந்தன. சங்கத்தாரில் பெரும்பாலோர் எபிஸ்கோப்பல் சபையோடு சேர்ந்து ஜோன்ஸின் தலைமையில் புனித தாமஸ் ஆலயத்தைத் திறந்தார்கள். குருவாக இருக்கும்படி முதலில் ஆலனைத்தான் கேட்டார்கள்; மெதடிஸ்ட் வழியை விட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். கமிட்டி வேறொரு மனையைத் தேர்ந்தபோது கைவிட்ட அந்த ஆறாவது தெரு மனையை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் ஆலனே வைத்துக்கொள்ள நேர்ந்தது. கொல்லன் பட்டறையை இழுத்துவந்து நிறுத்தியது அங்கேதான். ஜூலை 29 அன்று பேராயர் ஆஸ்பரியே வந்து பிரதிஷ்டை செய்தார். பெத்தேல் என்று பெயர் வைத்தார்கள்; எபிரெய மொழியில் கடவுளின் வீடு. அந்த மனை அன்று முதல் இன்றுவரை கறுப்பினத்தவர் கையைவிட்டுப் போகவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு ஆலன் சபையை நம்பவில்லை. புகைபோக்கி துடைக்கும் தொழில் நடத்தினார், செருப்புத் தைத்தார், வண்டி ஓட்டினார், சம்பாதித்ததை வீடுகளில் போட்டு வாடகைக்கு விட்டார். இந்தச் சொத்துதான் பின்னால் ஏலத்தில் கைகொடுத்தது. இவ்வளவு பேர் அறிந்த மனிதரையே ஒருமுறை தெற்கிலிருந்து வந்த அடிமை வியாபாரி ஒருவன், இவன் தப்பியோடிய என் அடிமை என்று சொல்லிப் பிடிக்க வந்தான். நகரமே அறிந்தவர் என்பதால் ஆலன் தப்பினார். பெயர் தெரியாத கறுப்பினத்தவர் எத்தனை பேர் அப்படித் தெற்கே இழுத்துச் செல்லப்பட்டார்களோ.

பெத்தேலின் வழக்குக்கு வருவோம். 1796-இல் ஆலயத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருந்தது. வெள்ளை மெதடிஸ்ட் ஊழியர் ஒருவர் தாமே பத்திரம் எழுதித் தருவதாக முன்வந்தார். செலவு மிச்சம் என்று நம்பிக் கொடுத்தார்கள். சொத்து முழுவதும் வெள்ளையர் நடத்தும் மாநாட்டுச் சபைக்குச் சேரும்படி அவர் எழுதி வைத்திருந்தார். இது இவர்களுக்குத் தெரிய ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. புதிதாக வந்த மூப்பர் ஒருவர் ஆலயத்தின் சாவிகளையும் கணக்குப் புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டபோதுதான், மனை வாங்கியவர்களுக்கும் சுவர் எழுப்பியவர்களுக்கும் அது தங்களுடையதல்ல என்று தெரிந்தது.

ஆலன் வழக்கறிஞரிடம் போனார். சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பத்திரத்தைத் திருத்தலாம் என்றார் அவர். 1807-இல் சபை கூடித் திருத்தம் நிறைவேற்றியது. சொத்தும், யார் பிரசங்கம் செய்யலாம் என்ற முடிவும் பெத்தேலின் தர்மகர்த்தாக்களுக்கு வந்தன. வெள்ளையர் தரப்பு விடவில்லை. எங்கள் குருக்கள் வந்து பிரசங்கம் செய்ய ஆண்டுக்கு 600 டாலர் கொடுங்கள் என்றார்கள். பேரம் இறங்கி இறங்கி வந்தும் ஒத்துவரவில்லை. பணம் கேட்டு முடியாதபோது பிரசங்க மேடையைப் பலவந்தமாகப் பிடிக்கப் பார்த்தார்கள். பிறகு வழக்கு; வழக்கிலிருந்து ஏலம். ஆலன் 10,125 டாலர் கொடுத்து மீட்டது அப்போதுதான்.

அதன் பிறகும் ஒரு மூப்பர் பிரசங்கம் செய்ய வந்தார். பெத்தேல் மக்கள் நடைபாதை முழுக்க நெருக்கியடித்து நின்றுகொண்டார்கள். மேடைக்கு அவரால் போக முடியவில்லை. யார் மீதும் யாரும் கை வைக்கவில்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1816 ஜனவரியில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஏப்ரல் மாதம் பால்டிமோர் முதலிய ஊர்களிலிருந்து கறுப்பின மெதடிஸ்ட் சபைகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். 16 பேர். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை அன்று பிறந்தது. பேராயராக முதலில் தேர்வானவர் பால்டிமோரின் டேனியல் கோக்கர். அவர் விலகிக்கொள்ள, ஏப்ரல் 11 அன்று ஆலன் பேராயராக அபிஷேகம் பெற்றார். முழங்காலிலிருந்து தூக்கி எழுப்பப்பட்ட மக்கள், தங்கள் குருவைத் தாங்களே அபிஷேகம் செய்துகொள்ள ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஆலனை முழுக்க வெள்ளையடித்து நிறுத்த நான் விரும்பவில்லை. ஜெரீனா லீ என்ற பெண் தனக்குப் பிரசங்கம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது என்று அவரிடம் வந்து நின்றபோது, பெண்கள் பிரசங்கம் செய்ய நம் சட்டதிட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். தனக்கு இழைக்கப்பட்டதை அவர் இன்னொருவருக்குச் செய்தார். பல ஆண்டுகள் கழித்துப் பெத்தேலில் ஒரு குரு பேச்சு வராமல் தடுமாறி நின்றபோது, ஜெரீனா லீ எழுந்து அந்த வசனத்தின் மேலேயே பேசிவிட்டார். வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று அவர் நடுங்கிக்கொண்டிருக்க, ஆலன் எழுந்து, முன்பு இவரை நான் தடுத்தேன், இவருக்கும் அழைப்பு இருக்கிறது என்று சபையார் முன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் குருப்பட்டம் தரவில்லை. ஆலனின் மனைவி சாராவும் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தப்பி வந்த அடிமைகளுக்கு அந்த வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர். கந்தல் உடுத்தி வந்த ஊழியர்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கப் பெண்களைத் திரட்டி ஓர் அமைப்பையே நடத்தினார். திருச்சபை நின்றது இந்தப் பெண்களின் ஊசியிலும் நூலிலும்தான்.

இன்னொன்று 1817-இல் நடந்தது. சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவது என்று வெள்ளைப் பெரியவர்கள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். ஆலன் உட்படக் கறுப்பினத் தலைவர்கள் சிலருக்கு அதில் கொஞ்சம் சபலம் இருந்தது. ஜனவரியில் பெத்தேலில் ஏறத்தாழ 3,000 பேர் கூடினார்கள். பாய்மரத் துணி தயாரிக்கும் பட்டறை நடத்திய ஜேம்ஸ் ஃபோர்ட்டன் தலைமை. போவதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது ஒரு கைகூட எழவில்லை. எதிர்ப்பவர்கள் என்றபோது எழுந்த முழக்கத்தில் சுவர் இடிந்துவிடும் போலிருந்தது என்று ஃபோர்ட்டன் பின்னர் நினைவுகூர்ந்தார். தலைவர்கள் மக்களின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1827-இல் இந்தத் திட்டத்தைக் கண்டித்து ஆலன் பத்திரிகையில் எழுதினார். எங்கள் கண்ணீராலும் இரத்தத்தாலும் நனைந்த இந்த மண்தான் எங்கள் தாய்நாடு என்பது அதன் சாரம்.

திருச்சபை தெற்கே சார்ல்ஸ்டனில் வேர்விட்டபோது அடிமை உடைமையாளர்கள் பயந்தார்கள். 1822-இல் டென்மார்க் வீசி என்பவர் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். வீசி அந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதால் ஆலயத்தை இடித்துத் தள்ளினார்கள். அதன் குரு மாரிஸ் பிரவுன் பிலடெல்பியாவுக்குத் தப்பி வந்தார். ஆலனுக்குப் பின் இரண்டாவது பேராயரானவர் அவரே.

1830 செப்டம்பரில், 70 வயதில், ஆலன் கடைசியாக ஒரு கூட்டத்துக்குத் தலைமை ஏற்றார். சின்சினாட்டி நகரத்திலிருந்து முந்தைய ஆண்டு கறுப்பினத்தவர் விரட்டப்பட்டிருந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 40 பேர் பெத்தேலில் கூடி, சுதந்திரக் கறுப்பினத்தவரின் முதல் தேசிய மாநாட்டை நடத்தினார்கள். அடுத்த முப்பதாண்டுகளுக்கும் மேலாக நடந்த கறுப்பின மாநாடுகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம். 1831 மார்ச் 26 அன்று ஆலன் இறந்தார். பெத்தேலின் அடித்தளத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது அதே மனையில் எழும்பிய நான்காவது கட்டடம்.

அந்த நான்காவது கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொது மயானத்தில் ஒரு மூலை கேட்டு மனு கொடுத்தவர்கள், 1810-இல் குவீன் தெருவில் சொந்தமாக நிலம் வாங்கிக் கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். 1864 வரை 5,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கமானார்கள். 1889-இல் புதிய ஆலயம் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, திருச்சபையே அந்த நிலத்தை நகராட்சிக்கு விற்றது. மேலே பூங்கா வந்தது, விளையாட்டுத் திடல் வந்தது, டென்னிஸ் தளம் வந்தது. கீழே யார் இருக்கிறார்கள் என்பது ஊருக்கு மறந்துபோனது. இந்த நூற்றாண்டில் ஒரு வரலாற்று ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் புரட்டித் தேடி அந்த இடத்தை மீண்டும் அடையாளம் காட்டினார். 2013-இல் திடலின் ஒரு பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது, சில அடி ஆழத்திலேயே கல்லறைகள் தென்பட்டன. ஒரு கல்லில் எழுத்துகள் அழியாமல் இருந்தன. அமீலியா பிரவுன், 1819, வயது 26.